கபடித் தேர்வு முடிந்த காலை

மகளின் சுளுக்கிய காலில் நேற்று நீலகிரித் தைலம் தேய்த்தேன். அந்த வாசனை என்னை ஓசூர் பள்ளி மைதானத்துக்கே கொண்டுபோய்விட்டது.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் ரைடு போவதில் முதல் ஆள். அப்பா இரவு ஷிப்ட் முடித்த கையோடு வந்து, தினமும் என்னை மைதானத்தில் ஓடவிடுவார். பிறகு என் கால்களுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். கபடியால் எனக்கு அரசாங்க வேலை கிடைத்துவிடும் என்று நம்பினார்.

ஒருநாள் காலையில், விளையாட்டு விடுதிக்குப் பையன்களைத் தேர்வு செய்ய வந்த கோச் என் ஆட்டத்தை முழுக்கப் பார்த்தார்.

"பையன் நல்லா ஆடறான். ஆனா பெரிய ஆட்டத்துக்கு இந்த உடம்பு தாங்காதுங்க. இதையே நம்பிப் படிப்பைக் கோட்டை விட்டுடாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு நிம்மதி. அது அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் அப்பா மொபெட்டை நிறுத்தி, "வருத்தமாடா?" என்றார்.

"இல்லப்பா. வீட்டை விட்டுப் போகவே பயமா இருந்துச்சு."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "முன்னாடியே சொல்றதுக்கென்னடா? நானும் ஒரு வருசமா சரியாத் தூங்கலையே!"

அன்று நாங்கள் இருவரும் மத்தியானம் வரை தூங்கினோம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி அணிக்கு ஆடுகிறேன். யாரும் ஓடச் சொல்வதில்லை. நானே ஓடுகிறேன்.