மூச்சு வாங்கிய இடத்தில் போட்ட கல்

நாலாவது வரை படித்த நான் ஓசூரில் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்தேன். பேங்குக்காரர்கள் கடன் தராமல் வாசலோடு திருப்பி அனுப்பியும் விடாமல் வைத்தேன். மாடி வீடு கட்டினேன். முனிசிபல் ஆபீஸ் படியிலேயே குடியிருந்து எங்கள் லேஅவுட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தேன். மகளை அதே லேஅவுட்டில் ஒரு படித்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஜனங்கள் நடக்க ஒரு பாதை போட்டேன். அதைத்தான் என்னிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். பறித்தது வேறு யாருமில்லை, மகளின் மாமனார், என் சம்பந்தி.

அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. தினமும் நடக்கணும் என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? பாகலூர் ரோட்டில் இறங்கினால் கம்பெனி பஸ்ஸும் லாரியும் ஆளை உரசிக்கொண்டு போகும். லேஅவுட்டில் பார்க்குக்கு என்று விட்ட இடம் முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. ஜேசிபி விட்டுச் சுத்தம் பண்ணினேன். யாரையும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்னும் முள்தான் இருக்கும்.

மண் பாதை போட்டதும் சம்பந்தியை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போனேன். அவர் மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் சுண்ணாம்பில் கோடு கிழித்தேன். பட்டறையில் மூலை உடைந்து கிடந்த பலகைக் கற்களைக் கொண்டுவந்து அங்கங்கே பெஞ்சாகப் போட்டேன்.

"என்ன சம்பந்தி, நான் எங்க விழுவேன்னு பந்தயம் கட்டியிருக்கீங்களா?"

"விழுந்தா என் பொண்ணுதானே கஞ்சி ஊத்தணும். நடங்க நடங்க."

அப்புறம் சர்க்கரை வியாதிக்காரர்கள் நடக்க வந்தார்கள். ஷிஃப்ட் முடிந்த பெண்கள் அந்தக் கல்லில் உட்கார்ந்து தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகப் பேசிச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

பிற்பாடு அந்த இடத்தை அரசாங்கத் திட்டத்தில் எடுத்தார்கள். டைல்ஸ், விளக்கு, வாசலில் வளைவு. என் கற்களை எடுத்துவிட்டு அதே இடங்களில் இரும்பு பெஞ்சு. எனக்குச் சந்தோஷம்தான். குடியிருப்போர் சங்கத் தலைவரான சம்பந்தி, திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வேணும் என்று வந்து நின்றார். இருந்ததிலேயே நல்ல கருங்கல்லை எடுத்து, முகம் தெரிகிற மாதிரி பக்கத்தில் நின்று பாலிஷ் போடவைத்துக் கொடுத்தேன். எழுத்தை வெளியே வேறு ஆளை வைத்து வெட்டினார்கள்.

திரையை விலக்கினபோது யார் யார் பேரோ இருந்தது. சம்பந்தி பேர் நடுவில். என் பேர் இல்லை, என் முகம் மட்டும் கல்லில் தெரிந்தது. மைக்கில் அவர், "முதியவர்கள் களைப்படையும் இடங்களை ஆராய்ந்து நமது டிசைனர் இருக்கைகளை அமைத்திருக்கிறார்" என்றார். களைத்தது யார்? இவர்! எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் மேடையை விட்டுக் கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்திக் கேட்டேன்.

"கோச்சுக்காதீங்க சம்பந்தி. பர்மிஷன் இல்லாம போட்டது. பேர் வந்தா உங்களுக்குத்தான் சிக்கல்."

"அந்தப் பர்மிஷன் இல்லாத கல்லுல உக்காந்து மூச்சு வாங்கினப்ப சிக்கல் தெரியலையா?"

போட்டோவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டார்.

மகள் போன் பண்ணினாள். "ஒரு கல்லுக்காக மாமாகிட்ட சண்டை வேணாம்ப்பா. நான் இந்த வீட்ல இருக்கணும்." அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். மனசு ஆறவில்லை. இப்போது டாக்டர் என்னையும் நடக்கச் சொல்கிறார். அந்தப் பார்க்கில் கால் வைக்கப் பிடிக்காமல் லாரிகளுக்கு ஓரமாக நடக்கிறேன்.

கல்வெட்டில் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. என் பட்டறைக் கல், எனக்குத் தெரியாதா? எழுத்து வெட்ட ஆளை நானே கூட்டி வருகிறேன். முதலில் பாதை போட்டவன், பெஞ்சுக்கு இடம் குறித்தவன் என்று என் பேர் அதில் வரணும். அதை சம்பந்திதான் வாசிக்கணும். அதே மைக்கில், என் முகத்தைப் பார்த்து.