பிளஸ்ஸைத் தின்ற தேடல் பெட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை. தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. ஆம்பூர் நஸ்ரீன். முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள்; இப்போது ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர்.

"அக்கா, தங்கச்சிக்குப் பிரசவம். இங்க வேலூர்லதான் அட்மிட் பண்ணிருக்கோம். ரத்தம் ஜாஸ்தி போய்டுச்சாம். பி பாசிட்டிவ்ல ரெண்டு பேர் வேணும்ன்றாங்க. ரத்ததான வெப்சைட்ல தேடிப் பார்த்துட்டேன்... ஒருத்தர்கூட இல்லக்கா."

"எந்த வெப்சைட்?"

சொன்னாள். நம்மூர் டிரஸ்ட் ஒன்று நடத்துவது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் பெயர் கொடுத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. என் ரத்தம் பி பாசிட்டிவ்!

"அடியே, நானே அதுல இருக்கேன்டி! இரு, வர்றேன்."

சுட்ட தோசையை வாயில் திணித்துக்கொண்டு, அதே குரூப்பான என் தம்பியையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நஸ்ரீன் கண் சிவந்து நின்றாள். போனை நீட்டினாள். தேடல் பெட்டியில் 'B+' என்று அடித்திருக்கிறாள். கீழே சிவப்பு எழுத்தில் — 'மன்னிக்கவும், கொடையாளர் எவரும் இல்லை.'

நாங்கள் இருவரும் ரத்தம் கொடுத்தோம். தங்கச்சி பிழைத்தாள். பெண் குழந்தை. எல்லாம் நல்லபடி முடிந்தது, என் கோபத்தைத் தவிர.

மறுநாள் அந்த வெப்சைட்டைச் செய்துகொடுத்த கம்பெனியைத் தேடிப் போனேன். லாங் பஜார் பக்கம், ஒரு மாடியில். அங்கே இருந்தவரை தினகரன் என்று வைத்துக்கொள்வோம்.

"ப்ளஸ் போடாதீங்க மேடம். பாசிட்டிவ்னு ஃபுல்லா அடிச்சா வரும்."

"அது எங்க எழுதியிருக்கு?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்."

"அப்ப பெட்டிக்குள்ள 'உதாரணம்: B+'னு இன்னாத்துக்குப் போட்டு வெச்சிருக்கீங்க?"

பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. வெப்சைட் கட்டுகிற சாஃப்ட்வேரிலேயே தேடல் படிவம் ரெடிமேடாக வருமாம். ஒழுங்காகவும் வேலை செய்யுமாம். ஆனால் பட்டனை அழுத்தியதும் திரையின் மேலே வருகிற வெப்சைட் முகவரி அசிங்கமாக இருக்கிறதென்று, தேடும் சொல் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதை இவரே மாற்றி எழுதியிருக்கிறார். பிளஸ் குறியை அப்படியே அனுப்பினால், மறுமுனைக் கம்ப்யூட்டர் அதை வெற்றிடம் என்று படித்துவிடும். வேறு குறியாக மாற்றி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. வெறும் 'B' என்று ஒரு ரத்தம் உலகத்தில் உண்டா? எவரும் இல்லை!

"டெஸ்ட் பண்ணலியா?"

"ஓ நெகட்டிவ் போட்டுப் பார்த்தோம் மேடம். அதானே கெடைக்காத குரூப்பு... கரெக்டா வந்துச்சு."

மைனஸ் குறி மாறாமல் போய்ச் சேர்ந்துவிடுமாம். அரிய ரத்தம் கிடைக்கிறது. ஊரில் பெரும்பாலான பேர் உடம்பில் ஓடுகிற பாசிட்டிவ் ரத்தம் கிடைக்கவில்லை. எப்படி இருக்கிறது?

கடைக்காரர் சரக்கு இல்லை என்றால், "உள்ள போய் நல்லா பாருங்க" என்று சண்டை போடுகிறோம். ஸ்கிரீன் 'இல்லை' என்று சொன்னால்... தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சிவப்பு வரியை நம்பி எத்தனை பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களோ! யாரும் என்னைக் கூப்பிடவில்லையே, ஊரே ஆரோக்கியமாக இருக்கிறது போல என்று நான் வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி பண்ணுங்க."

"கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டுட்டுப் போங்க மேடம். ஃப்ரைடே பார்க்கறோம்."

"எவ்ளோ வேலை?"

"ஒரு லைன்தான்..."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இப்பவே எழுதுங்க. நான் எங்கயும் போகல."

எழுதினார். என் கையாலேயே 'B+' அடித்தேன். திரை நிறைந்தது. கணியம்பாடி, குடியாத்தம், அரக்கோணம் என்று ஊர் ஊராகப் பெயர்கள். நடுவில் நான்.

"சாரி மேடம்" என்றார் தினகரன். சாரியை என்னிடம் சொல்லி என்ன பயன்?

நேற்று வாலாஜா பக்கமிருந்து ஒருவர் அழைத்தார். "இப்பதாங்க குடுத்தேன், உடனே திரும்பக் குடுக்க முடியாது" என்றேன் சங்கடத்தோடு.

"பரவால்லம்மா. உங்களுக்குக் கீழ நெறய பேர் இருக்காங்க."

நீ வேண்டாம் என்று சொல்லப்பட்டதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.