இல்லாத டிராகன் நாவல்

திண்டுக்கல்லில் நாங்கள் சில வாசகர்கள் ஞாயிறுதோறும் ஒரு பிரியாணிக் கடையில் கூடி, அண்மையில் படித்த ஃபேன்டஸி நாவல்களைப் பரிந்துரைப்போம். புதிதாகச் சேர்ந்த செல்வி, எதைச் சொன்னாலும் "படிச்சிட்டேன்க்கா" என்பாள். எனக்குச் சந்தேகம். அவளைப் பிடிப்பதற்காகவே, "'பூட்டுக்குள் டிராகன்' யாராவது படிச்சீங்களா?" என்று இல்லாத நாவலைப் பற்றிக் கேட்டேன்.

"படிச்சேனே! அம்புட்டு நல்ல கதைய நான் வாசிச்சதே இல்லம்மா!" என்றார் எங்களில் மூத்தவரான பாண்டியன் சார்.

"முடிவுல அழுதுட்டேன்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

செல்வி மட்டும் விழித்தாள். "நான் கேள்விப்படவே இல்லையேக்கா. குடுங்க, வாசிச்சிட்டுத் தாரேன்."

பாண்டியன் சார் சொன்னாரென்று எத்தனை புத்தகம் வாங்கியிருப்பேன்!

இப்போதெல்லாம் யார் புகழ்ந்தாலும், "எந்த இடத்துல போரடிச்சது?" என்று கேட்கிறேன். செல்வி உடனே சொல்கிறாள். மற்றவர்கள் கடைப் பையனைக் கூப்பிட்டு வெங்காயப் பச்சடி கேட்கிறார்கள்.