கோழிக்கால் காட்டிய கயிறு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நடந்தது. ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு கயிற்றுக்கடை இருக்கிறது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து கயிறு வெட்டுவது, நிறுப்பது எல்லாம் நான்தான்.

அன்றைக்கு ஒரு படகுக்காரர் அவசரப்படுத்தினார். நைலான் கயிற்றை இடது கையில் சுற்றிப் பிடித்து வெட்டும்போது கத்தி வழுக்கி, மோதிர விரலின் உள்பக்கம் பட்டுவிட்டது. சின்ன வெட்டுதான். டீக்கடையில் காப்பித்தூள் வாங்கி அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன். சாயந்திரம் ஊசி போட்டுக்கொள்ளப் போன கிளினிக்கில், “விரலை மடக்கிக் காட்டுங்கம்மா” என்றார்கள். வலிக்குது, அப்புறம் பார்க்கலாம் என்று கட்டைப் பிரிக்கவே நான் விடவில்லை. எனக்குத்தான் எப்போதும் எல்லாம் தெரியுமே!

ஞாயிற்றுக்கிழமைக்குள் தோல் மூடிவிட்டது. விரல் நுனி மட்டும் விறைப்பாக இருந்தது. வீக்கம்தான், வடிந்தால் சரியாகிவிடும் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

சூப்பு வைத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று கோழிக்கால் வாங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். கடைக்காரர் நீட்டிய பையை இடது கையில் வாங்கினேன். மோதிர விரல் பிடிக்காமல் பை நழுவிக் கீழே விழுந்தது.

“அக்கா, கையி இன்னா ஆச்சி?”

“ஒண்ணுமில்ல, கத்தி பட்டுருச்சு.”

“மத்த வெரலெல்லாம் மடங்குது. அது மட்டும் ஏன் வெறைச்சிகினு கீது? மடக்கு பாப்போம்.”

வரிசையில் நின்ற எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நீங்க கோழிய வெட்டுங்க. உங்க வேலைய மட்டும் பாருங்க” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு கோழிக்காலை எடுத்தார். வெட்டுப்பட்ட பக்கம் வெள்ளையாக ஒரு கயிறு நீட்டிக்கொண்டிருந்தது. நாமெல்லாம் நரம்பு என்று சொல்வோமே, அதுதான். அதைப் பிடித்து இழுத்தார். விரல்கள் நாலும் சடக்கென்று மூடிக்கொண்டன. விட்டார், திறந்தன. எத்தனை கோழிக்கால் கழுவியிருப்பேன், இது தெரியாமல் போச்சே! கோபம் எங்கே போனதோ, கோழிக்காலை வாங்கி நானே இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

பிறகு அவர் கத்தி முனையால் கீழே அந்தக் கயிற்றை அறுத்தார். மறுபடி இழுத்தால் கயிறு மட்டும் கையோடு வந்தது. விரல்கள் அசையவில்லை.

“அவ்ளோதான்க்கா. மேல எவ்ளோ இஸ்த்தாலும் கீழ சேதி போவாது. இப்ப உன் வெரல்ல நடு மொளியப் புட்ச்சிகினு, நுனிய மட்டும் மடக்கு.”

நடு மூட்டைப் பிடித்தேன். மடங்கு, மடங்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன். நுனி அப்படியே நின்றது. கயிற்றைப் பிடிக்கிற கை அது. பிடி போனால் கடையில் எனக்கு என்ன வேலை?

“ஞாயித்திக்கெழமன்னு பாக்காத, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போ. கறிய நான் வூட்டாண்ட குட்த்து அனுப்பறேன்” என்றார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் இருந்தார். விரலைத் தொட்டுப் பார்த்ததுமே, “தசைநாண் அறுந்திருக்கு” என்றார். என் தொழிலைக் கேட்டுவிட்டு, “இறுக்கிக் கட்டின கயித்தை அறுத்தா என்ன ஆகும்?” என்றார்.

“ரெண்டு முனையும் தெறிச்சு ஓடும்.”

“உள்ளே அதுதான் நடந்திருக்கு. இன்னும் ரெண்டு மூணு வாரம் விட்டிருந்தீங்கன்னா இழுத்துத் தைக்கிறதே கஷ்டம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு புரி அறுந்தாலும் அந்தக் கயிற்றை நம்பாதே என்று தினம் படகுக்காரர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கை கட்டுக்குள்ளேயே இருந்தது. சும்மா இருக்க முடியுமா? போகும்போதெல்லாம் டாக்டரம்மாவைக் குடைந்தேன். இந்த நாண் எதனால் ஆனது? கொலாஜன் என்கிற புரதமாம். மூன்று இழை முறுக்கி ஒன்று, அப்படிப் பல சேர்ந்து ஒரு கட்டு. எங்கள் கடையிலும் மூணு புரிக் கயிறுதானே! தசையை எலும்போடு கட்டுவது நாண், எலும்பை எலும்போடு கட்டுவது வேறொரு நார், காது மடலில் குருத்தெலும்பு, தோலுக்கடியில் பஞ்சு மாதிரித் தளர்வாக ஒன்று, கொழுப்பு, கெட்டியான எலும்பு எல்லாமே இணைப்புத் திசு என்கிற ஒரே குடும்பம்தானாம். ரத்தமும் அதில் சேர்த்தி என்றபோது மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஓடுற ரத்தம் எதை டாக்டர் கட்டும்?”

அவர் சிரித்தார். “இந்தக் குடும்பத்துல செல்லெல்லாம் நெருக்கியடிச்சு இருக்காது. நடுவுல வேற பொருள் நிறைய இருக்கும். எலும்புல அது கெட்டி, ரத்தத்துல தண்ணி. உடம்பு முழுக்க ஒண்ணோட ஒண்ணைச் சேர்க்கிறதும் ரத்தம்தானே?” அரை மனதோடு ஒத்துக்கொண்டேன். அப்புறம் சாப்பாட்டில் கறி வந்தால் ஒவ்வொரு துண்டையும் பிய்த்து, இது நாணா, குருத்தா என்று ஆராய ஆரம்பித்தேன். “சாப்பிட விடுதியா, இல்லையா?” என்று வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்துப் பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறிக்கடைக்குப் போனேன். அதே கூட்டம். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “அத்த வுடுக்கா, மொதல்ல மடக்கிக் காமி” என்றார். எல்லார் முன்னாலும் மடக்கினேன். முழுசாக இல்லை, உள்ளங்கையைத் தொட ஒரு அரிசி அளவு பாக்கி. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்றைக்கும் கயிற்றை இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: அன்றைக்கு நான் சொன்னபடி அவர் தன் வேலையை மட்டும் பார்த்திருந்தால், இந்த விரல் மோதிரம் மாட்டுகிற ஆணியாகத்தான் மிஞ்சியிருக்கும்.