போர் எத்தனை மணிக்கு முடியும்?

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பை நடத்தும் சங்கத்தின் தலைவர், போன வருடம் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய்வந்தார். எல்லாரும் சாக்லேட் வாங்கி வருவார்கள். இவர் முதல் உலகப் போரை வாங்கி வந்தார். வெள்ளைக் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கும் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டி, "அவங்க எவ்ளோ கஷ்டப்பட்டாங்கன்னு நம்ம பிள்ளைங்களுக்கும் தெரியணும் லா" என்றார். அந்த வகுப்பை என் தலையில் கட்டினார். காப்புறுதி அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற, சனிக்கிழமை மட்டும் டீச்சராகிற எனக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள்தான் நன்றாகப் பேசுவீர்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு மறுக்க வராது.

அதோடு எனக்கும் உள்ளுக்குள் ஒரு கடுப்பு இருந்தது. பங்சாரிலிருந்து வரும் ஒரு பையன், எங்கள் கூடத்துக்கு ஒரு மாடி ஏறியதற்கே ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்வான். இவர்களுக்கெல்லாம் வாயால் சொன்னால் ஏறாது, உடம்பில் பட வேண்டும் என்று முடிவு செய்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் பாய் விரித்தால் பதுங்குகுழி. ஐரோப்பியக் குளிருக்கு ஏர்கோன் பதினாறு டிகிரியில். சாப்பாடு என்று எதுவும் கிடையாது, காய்ந்த பிஸ்கட்டும் பச்சைத் தண்ணீரும்தான். அந்தக் காலத்துச் சிப்பாய்களின் பிஸ்கட் பல்லை உடைக்குமாம். நானும் அது இறுகட்டும் என்று இரண்டு நாள் பாக்கெட்டைத் திறந்து வைத்தேன். நம் ஊர் ஈரத்தில் அது நமத்துப் போய் மெத்தென்று ஆகிவிட்டது.

தின்பண்டம் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஸ்வெட்டர் போடலாமா என்று ஒரு தாய் கேட்டார். பிள்ளைக்கு இளைப்பு, பதுங்குகுழியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போட முடியுமா என்று இன்னொருவர். பூச்சோங் அம்மா ஒருவர் கேட்டது இது: "டீச்சர், போர் எத்தனை மணிக்கு முடியும்? பன்னெண்டுக்கு டியூஷன் இருக்கு."

அன்று பிள்ளைகள் குளிரும் கெந்திங் மலைக்குப் போவதுபோல் வந்து இறங்கினார்கள். சாக்ஸ், ஜாக்கெட், ஒருத்தியின் தலையில் முயல்காது வைத்த குல்லாய். தலைவரின் மனைவி ஒரு பெரிய டப்பா நிறைய, உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த சூடான கறிபாப்போடு மாடி ஏறி வந்தார். பிள்ளைகளைப் பட்டினி போட்டுப் பாடம் நடத்துவதை அவர் இதுவரை கேள்விப்பட்டதே இல்லையாம். தலைவரின் மனைவியை எதிர்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. போர் முடிந்த பிறகுதான் தின்ன வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொன்னேன். ஆளுக்கு ஒன்றை டிஷ்யூவில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே அவர்கள் போருக்கு உட்கார்ந்தார்கள்.

சேற்றைப் பற்றிச் சொன்னேன். பூட்சுக்குள் நாள்கணக்காக ஊறி வீங்கிய கால்களைப் பற்றி, தூங்கும்போது முகத்தின் மேல் ஓடும் எலிகளைப் பற்றிச் சொன்னேன். எலிக்கு நல்ல வரவேற்பு. பிறகு என் பேச்சிலேயே நான் மிகவும் ரசித்து வைத்திருந்த இடத்துக்கு வந்தேன். இத்தனைக்கும் நடுவில் அந்தச் சிப்பாய்கள் வீட்டுக்கு என்ன எழுதினார்கள் தெரியுமா என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, குரலை மாற்றி, "அம்மா, நான் சௌக்கியம். வேளா வேளைக்குச் சாப்பிடுகிறேன்" என்றேன். கூடம் சிரித்தது. நீங்களும் ஆளுக்கு ஒரு வரி வீட்டுக்குச் சொல்லுங்கள் என்றேன். சாப்பாடு பிரமாதம், எலி என் பெஸ்ட் ஃபிரெண்ட் என்று ஆளாளுக்கு அளந்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சிறுமி மட்டும் தன் முறை வந்தபோது கையை உயர்த்தினாள். மூன்றாம் வகுப்பு படிப்பவள்.

"எங்கப்பா ஆர்மில இருக்காரு டீச்சர். இப்ப அமைதிப் படையில வெளிநாட்டுக்குப் போயிருக்காரு. வீடியோ கோல்ல அம்மா சாப்டீங்களான்னு கேப்பாங்க. சாப்டேன்னுதான் எப்பவும் சொல்வாரு. அதுவும் இதே மாதிரிதானா?"

முயல்காதுக்காரி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்பா எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைக்கூட அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நாட்டின் பெயரைச் செய்தியில் குண்டுச் சத்தத்தோடு கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அதெல்லாம் அந்தக் காலம்மா. இப்ப நல்ல சமையல்காரங்கள அனுப்புவாங்க. உங்கப்பா நல்லாதான் சாப்பிடுவாரு" என்றேன், ஏதோ நானே போய்ப் பரிமாறிவிட்டு வந்ததுபோல.

"சரி டீச்சர்" என்றாள். 'நான் சௌக்கியம்' என்று நடித்துக் காட்டிய என் குரலும் இப்போது ஆறுதல் சொன்ன குரலும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும்தான். பூச்சோங் டியூஷனைச் சாக்காக வைத்து, போரைப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே முடித்தேன். எல்லாரும் கறிபாப் மேல் பாய்ந்தார்கள். அவள் தன்னுடையதை டிஷ்யூவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அவளுடைய அம்மா மருத்துவமனையில் தாதி. இரவு வேலை காலையிலும் நீண்டு, இப்போதுதான் முடித்து, சீருடையோடு நேரே வந்திருந்தார். மாடிப்படி உச்சியிலேயே மகளிடம் கேட்டார்.

"சாப்டியா?"

"சாப்டேன்மா. கறிபாப் குடுத்தாங்க."

அவர் என் பக்கம் திரும்பி, பிள்ளை சரியாக இருந்தாளா, அழுதாளா என்று மெதுவாக விசாரித்தார். கொஞ்ச நாளாக ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளாம். நன்றாக இருந்தாள், எல்லாம் நல்லபடியாகப் போனது என்றேன். அவர் முகம் களைத்திருந்தது. நம் ஆட்களுக்கு எப்போதும் கைவசம் இருக்கும் அந்த ஒரே கேள்விதான் எனக்கும் வந்தது.

"நீங்க சாப்டீங்களா?"

"சாப்டேன் டீச்சர்" என்றார், சட்டென்று, சிரித்தபடி.

இரண்டு படி இறங்கிவிட்ட சிறுமி நின்றாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பையைத் திறந்து, டிஷ்யூவில் சுற்றிய கறிபாப்பை எடுத்து, அம்மாவின் கையில் வைத்தாள்.