ஏழு பிள்ளைகளின் தகப்பன்

"இந்தப் பையன் எனக்குப் பொறக்கலீங்க" என்று சத்தியம் செய்வதற்கு முன்னால் பூபாலன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை வாரிக்கொள்வார். வருவாய் அலுவலகத்து வராந்தாவில் இப்படி ஆறு முறை வாரியாயிற்று. ஒவ்வொரு பிள்ளையையும் எழுத்து மூலம் துறந்துவிட்டு வெளியே வந்து, டீயில் பன்னை முக்கித் தின்பார்.

பிள்ளைகள் வந்த கதை எளிது. பூபாலன் ஜவ்வாது மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். ஜூனில் பள்ளி திறக்கும்போது மலையில் சாமை விதைப்பு. பெற்றவர்கள் நிலத்தை விட்டு நகரமாட்டார்கள். பிள்ளையை ஜீப்பில் ஏற்றி, "நீயே சேத்துட்டு வந்துடு" என்பார்கள். விடுதிப் பள்ளியில் படிவத்தை நீட்டுவார்கள். தந்தை பெயர் என்ற இடத்தில் பூபாலன் தன் பெயரையே எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுப்பார். கேட்டால் நியாயம் வைத்திருக்கிறார்: "புள்ளைக்குக் காய்ச்சல்னா யாருக்குப் போன் போடுவாங்க? எனுக்குத்தானே?"

பிள்ளைகள் வளர்ந்து சாதிச் சான்றுக்குப் போனபோதுதான் வினை தெரிந்தது. மலைப் பிள்ளைகள் பழங்குடி; பூபாலன் அடிவாரத்துச் சந்தவாசல்காரர். அவர் பெற்ற பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று கிடையாது. ஆகவே ஒவ்வொருவராக வந்து, அவர் தகப்பன் இல்லை என்று எழுதி வாங்கிப் போனார்கள். "எம்மவன் மூக்கப் பாத்தாலே ஆபீசருக்குத் தெரியும். நீ வேற எதுக்கு எழுதிக்கினு" என்றாள் அந்த ஆறில் ஒருவனைப் பெற்ற செல்லியம்மாள். பூபாலன் தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

ஏழாவது ஆனந்தி. அவர் மனைவி காந்தாவின் மகள். காந்தாவும் அவள் முதல் கணவர் குப்பனும் மலைக்காரர்கள். குப்பன் புளியமரத்திலிருந்து விழுந்து இறந்தபோது ஆனந்திக்கு ஒன்றரை வயது. அடுத்த ஆண்டு பூபாலன் காந்தாவைக் கட்டிக்கொண்டார். ஆனந்தியின் பள்ளிப் படிவத்திலும் அதே பெயர், அதே இரண்டு கோடு. ஏழில் அது ஒன்றுதான் சரியாக எழுதியது என்பது அவர் எண்ணம். பிறப்புப் பதிவேட்டில் இருப்பதோ குப்பன். முறையாகத் தத்து எடுத்திருக்கலாமே என்று ஒரு வக்கீல் கேட்டதற்கு, "என் வூட்ல இருக்கறத எனுக்கே எப்டிங்க தத்து குடுப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டவர் இவர்.

ஆனந்திக்கு நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சான்று தராவிட்டால் இடம் போய்விடும். ஆறு பிள்ளைகளை ஆளுக்குப் பத்து நிமிடத்தில் கைகழுவியவருக்குத் திங்கட்கிழமை ஜீப்பில் கிளட்ச் சரியில்லை. செவ்வாய் டயர். புதன்கிழமை ஜீப்பில் குறை ஏதும் அகப்படாமல், தனக்கே தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

"ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் தொறந்த வாயி, இதுக்கு மட்டும் இன்னா பூட்டிக்கினுச்சா?" என்றாள் காந்தா.

ஆனந்தி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ எங்கப்பா இல்லன்னு எழுதிக் குடுத்துடுப்பா. காயிதந்தானே."

வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தார். கோடு இழுக்கவில்லை. அதிகாரி கல்பனா அதை வாங்கிப் படித்துவிட்டு, இனிப் பெண்ணை விசாரிக்க வேண்டும், சொந்தக்காரர் மட்டும் உள்ளே இருக்கலாம் என்றார். பூபாலன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

அதிகாரியின் கையிலிருந்த காகிதத்தைப் பூபாலன் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.

"ஜீப் டிரைவருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

காந்தாவும் ஆனந்தியும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மேற்கு ஜன்னலின் வெயில் நேராக ஆனந்தியின் முகத்தில் விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டே முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வியின்போது கூசவில்லை. பூபாலன் கட்டடத்தைச் சுற்றி வந்து, ஜன்னலுக்கு வெளியே, யாருக்கோ காத்திருப்பவரைப்போல முதுகைக் காட்டி நின்றிருந்தார். வெயில் நகர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே அவரும் அரையடி நகர்ந்துகொண்டார்.