கடைசி வண்டிக்கு ஒரு வரி

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் கணவர் என்னோடுதான் இருந்தார். அவர் பல் டாக்டர். ஊசியைப் பார்த்தாலே வெலவெலத்துப் போகிறவர்களை நாள் முழுக்கத் தேற்றி உட்கார வைக்கிற மனுஷன். அவரே அன்றைக்கு ஹெல்மெட் வாரை அவிழ்க்க முடியாமல் நின்றார். நான்தான் அவிழ்த்துவிட்டேன். நடந்தது நடந்ததுதான்.

முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அச்சகத்தில் மருந்துப் பெட்டிகளுக்கு எழுத்து அமைப்பது என் வேலை. கண்ணாடியைத் தொலைத்தவர்கூடப் படித்துவிடும்படி செய்ய வேண்டும். என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைக் கூட்டம். கூட்டமாகக் கிளம்பி, கூட்டமாகத் திரும்புவார்கள். அவர்கள் கையில் கொடுக்கும் வழித்தாள் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். எறும்பு எழுத்து. ஒருமுறை பாதிப் பேர் வழி தவறி ஒரு கல்குவாரிக்குள் போய், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இவர் வீட்டுக்கு வந்து தாளை என் மடியில் போட்டார்.

"ஊர்ல இருக்கிற மாத்திரைக்கெல்லாம் பேர் எழுதுற. புருஷன் வீடு வந்து சேர ஒரு தாள் செய்ய மாட்டியா?"

செய்தேன். ஒரு பக்கத்துக்கு ஐந்தே வரி. கட்டைவிரல் நகம் அளவு எழுத்து. இடது பக்கம் திரும்ப வேண்டுமா, அம்புக்குறி தாளின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். வலது என்றால் வலது ஓரம். பெட்ரோல் டேங்க் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும் தாளை ஓடுகிற வண்டியில் ஒரு பார்வை பார்த்தால் போதும். சமையலறைத் தரையில் தாளைப் போட்டுவிட்டு, துணிக்கூடையோடு அதைத் தாண்டி நடக்கச் சொல்வேன் என் நாத்தனாரிடம். நடந்துகொண்டே படிக்க முடியாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி செய்வேன். அவள்தான் எனக்கு 'அம்பு' என்று பட்டப்பெயர் வைத்தவள். கூட்டம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

என் தாளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. செய்ய வேண்டியதை மட்டும்தான் எழுதுவேன். வரி இல்லையென்றால் நேரே போ என்று அர்த்தம்.

இது நடந்த ஞாயிறுதான் நாத்தனாருக்குக் கூட்டத்தோடு முதல் பயணம். வண்டி ஓட்டக் கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமியார் வாசல்வரை வந்து, மகனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். "அவள முழுசாக் கூட்டிட்டு வந்து என் கையில குடு. அவன நம்பி அனுப்பல, உன்ன நம்பித்தான்."

அதற்கு முந்தின வாரம் நாங்கள் மூவரும் மலைப்பாதையைப் பார்த்துவரப் போயிருந்தோம். மேலே ஓரிடத்தில் பழைய ரோடு ஒன்று இடது பக்கம் பிரிந்தது. எங்கே போகிறது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. நமக்கு வேண்டாத ரோடு. ஆனால் நாத்தனார் வீட்டுக்கு வந்ததும் தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணி, அந்தப் பிரிவுல 'நேரே'ன்னு ஒரு அம்பு போடுங்களேன். பழைய ரோடுதான் பெருசாத் தெரியுது."

"நேர் ரோட்டுக்கு அம்பு போட ஆரம்பிச்சா ஒவ்வொரு சந்துக்கும் போடணும். தாள் சந்தைக்கடை ஆயிடும்."

போடவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் போகிறவர் ஒரு மெக்கானிக். திருப்பம் வந்தால் அவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்று கையை நீட்ட வேண்டும். கைகாட்டி என்போம். மற்றவர்கள் கை காட்டும் பக்கம் போவார்கள். கடைசி வண்டி வந்து விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டால்தான் கைகாட்டிக்கு விடுதலை. அதுவரை இடியே விழுந்தாலும் நகரக் கூடாது. விடுதலை கிடைத்தவர் கடைசி வண்டிக்கு முன்னால்தான் போக வேண்டும். ஒருபோதும் பின்னால் வரக் கூடாது.

தாளும் கையும் முரண்பட்டால்? கை சொல்வதுதான் சரி. அன்றைக்கு ரோடு அடைத்திருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம். தாளுக்கு அது தெரியாது.

அன்று கடைசி வண்டி எங்களுடையது. அவர் ஓட்ட, நான் பின்னால்.

"அண்ணி, வாலைப் பிடிச்சுக்கிட்டு பத்திரமா வாங்க" என்று கிண்டல் செய்துவிட்டுக் கிளம்பினாள் நாத்தனார்.

மலையில் பாதி ஏறியபோது பனி இறங்கியது. பட்டப்பகல். ஆனால் ஈரத்துணியை முகத்தில் போட்டு மூடியது போல இருந்தது. போனில் சிக்னல் இல்லை. முன்னால் போன விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. நாத்தனாரின் விளக்கும்.

பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஒரு கைகாட்டியை விடுவித்தோம். மரம் அறுக்கும் பட்டறைத் திருப்பத்தில் இன்னொருவரை. அவர்களும் முன்னால் போய்ப் பனிக்குள் மறைந்தார்கள்.

"அடுத்து என்ன?" என்றார் இவர்.

அவர் தோளுக்கு மேல் எட்டித் தாளைப் பார்த்தேன். "ஒண்ணும் இல்ல. பெட்ரோல் பங்க் வரைக்கும் நேரே."

கொஞ்ச தூரம் போனோம்.

இவர் வேகத்தைக் குறைத்தார். "யாரோ நிக்கிறாங்க."

அந்தப் பிரிவுதான். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் நின்றார். கை இடது பக்கம் நீண்டிருந்தது. பழைய ரோட்டுப் பக்கம்.

எங்கள் ஆட்கள் வண்டிச் சத்தம் கேட்டால்தான் கையைத் தூக்குவார்கள். கை வலிக்கும் அல்லவா? இந்த ஆள் வெகு நேரமாக அப்படியே நிற்பது போலத் தெரிந்தது. கை துளிகூட ஆடவில்லை. ஹெல்மெட் கண்ணாடி மூடியிருந்தது. எங்கள் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் மேல் தூசி படிந்திருந்தது.

காய்ந்த தூசி.

"அம்பு... இந்தப் பக்கம்" என்றார்.

குரல் தள்ளி நின்றவருடைய குரலாக இல்லை. என் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்டது.

"தாள்ல திருப்பம் இல்லங்க" என்றேன்.

"கை காட்டுறாருல்ல. ரோடு அடைச்சிருப்பாங்க."

"யார் இவரு? நம்ம கூட்டத்துல பாத்த மாதிரியே இல்லையே."

"ஹெல்மெட் போட்டா உன்னையே எனக்கு அடையாளம் தெரியாது. ஏய், தங்கச்சி இந்த ரோட்டுலதான் போயிருக்கா. அவ போன ரோட்டுல நான் போக வேணாமா?"

மாமியாரின் முகம் கண் முன்னால் வந்தது.

திரும்பினோம்.

வாக்குவாதத்தில் இவர் விளக்கை அணைத்துப் போட மறந்துவிட்டார். எனக்கும் அப்போது தோன்றவில்லை.

டயர் சத்தம் மாறியது. ரோடு நடுவே வெடிப்புகளில் புல். பாசி. வளைவுக்கு அப்பால் ஒரு விளக்காவது தெரியும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு ஹார்ன் சத்தம்கூட இல்லை.

இவர் திடீரென்று ஒரு கையால் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"என்னது இது... ஒட்டுது."

அவர் விரலில் நூல் நூலாக ஏதோ தொங்கியது. எட்டிப் பார்த்தேன்.

சிலந்தி வலை.

ரோட்டுக்குக் குறுக்கே, இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குக் கட்டியிருந்த வலை. நாங்கள் மோதித்தான் அறுந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டமே போயிருந்தால்...

இவர் பிரேக்கை அழுத்தினார். இன்ஜினை நிறுத்தினார்.

தண்ணீர் ஓடும் சத்தம்.

கீழே.

ரொம்பக் கீழே.

பனி லேசாக விலகியது. நாலு எட்டு தள்ளி ரோடு முடிந்திருந்தது. உடைந்த சிமென்ட். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள். அதற்கு அப்பால் வெள்ளை.

"மெதுவாப் பின்னால தள்ளுங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அப்போதுதான் பின்னால் ஒரு வண்டி கிளம்பும் சத்தம்.

ஒரு உதை. இரண்டாவது உதை. பிடித்துக்கொண்டது.

வந்தது. விளக்கு இல்லை. சங்கிலி தளர்ந்து கடகடவென்று அடிக்கும் சத்தம் மட்டும்.

கைகாட்டி கடைசி வண்டிக்குப் பின்னால் வரக் கூடாது...

சத்தம் எங்கள் முதுகை ஒட்டி வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பனி மட்டும்தான்.

எங்கள் பின்சக்கரத்தை ஏதோ தொட்டது.

மெதுவாக.

தள்ளியது.

"பிரேக் பிடிச்சிருக்கேன்" என்றார் இவர். "பிடிச்சிருக்கேன். ஆனா போகுது."

பாசியில் சக்கரம் வழுக்கியது. ஒரு சாண். இன்னொரு சாண். முன்னால் ஒரு கல் உருண்டு விழுந்தது. அது கீழே தொட்ட சத்தம் வரவே இல்லை.

அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க... லைட்டு. அவருக்கு நீங்க லைட்டு போடல."

"என்ன?"

"அவர நீங்க விடுவிக்கல. போடுங்க."

குதித்து இறங்கினேன். பின்னால் திரும்பி, ஒன்றுமில்லாத பனியைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். இவர் சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டார். அணைத்தார். போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். வெளிச்சம் பள்ளத்துக்குள் போய் விழுந்தது.

"கடைசி வண்டி வந்தாச்சு" என்றேன். "நீங்க போலாம். போங்க... ரொம்ப நேரம் நின்னுட்டீங்க."

அந்தக் கடைசி வார்த்தை ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சங்கிலிச் சத்தம் நின்றது. தள்ளுவதும் நின்றது.

வண்டியைக் கையாலேயே திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தோம். பிரிவில் யாரும் இல்லை. ஸ்டாண்டு பதிந்த அடையாளம்கூட இல்லை. நேர் ரோட்டில் ஏறியதும் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. நாங்கள் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது. குறைத்தால் குறைத்தது. வளைவுக்கு வளைவு வழி காட்டிக்கொண்டே போனது.

"தங்கச்சிதான்" என்றார் இவர். "நமக்காக மெதுவாப் போறா." நான் அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அப்பாடா என்று இருந்தது.

விளக்கு பெட்ரோல் பங்குக்குள் திரும்பியது. நாங்களும் திரும்பினோம்.

நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடி காய்ந்துவிட்டிருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்? வழியில ரெண்டாவது தேனிலவா?"

"இப்ப எங்களுக்கு முன்னால வந்தது யாரு?" என்று கேட்டேன்.

"யாரும் வரல அண்ணி. எல்லாரும் வந்து ரொம்ப நேரமாச்சு. உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

இவர் ஹெல்மெட் வாரை நான் அவிழ்த்துவிட்டது அப்போதுதான்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அவள். "நீங்க அம்பு போடலன்னாலும் அந்தப் பிரிவுல ஆள் நிறுத்துனீங்களே, நல்லதாப் போச்சு. இல்லன்னா நான் இடது பக்கம் போயிருப்பேன். அவருதான் நேரா கைய நீட்டிக்கிட்டு நின்னாரு."

"நேராவா?"

"நேராத்தான். எல்லாருக்கும் அப்படித்தான் காட்டினாரு. கடைசி வண்டியில யாருன்னு கேட்டாரு. அண்ணனும் அம்புவும்னு சொன்னேன்."

மெக்கானிக் எங்கள் பக்கம் திரும்பினார். "அங்க நான் யாரையும் நிறுத்தலையே. திருப்பமே இல்லாத இடத்துல எதுக்கு ஆளு?"

பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பங்குக்காரர் நிமிரவில்லை. குழாயைப் பிடித்தபடியே பேசினார்.

"அந்தப் பழைய ரோட்டுப் பாலம் நல்லா இருந்த காலத்துல உங்கள மாதிரி ஒரு கூட்டம் வந்துச்சு. அந்தப் பிரிவுல ஒருத்தர நிறுத்திட்டுப் போனாங்க. கடைசி வண்டிக்காரன் பாதி வழியில சலிச்சுப்போய், யார்கிட்டயும் சொல்லாம வீட்டுக்குத் திரும்பிட்டான். இவரு நின்னுக்கிட்டே இருந்தாரு. இருட்டுற வரைக்கும் நின்னாரு. பனியில லாரிக்காரனுக்கு ஆள் நிக்கிறது தெரியல."

குழாயை மாட்டிவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார்.

"அப்புறம் பாலம் விழுந்துச்சு. அந்தப் பள்ளத்துல இதுவரைக்கும் மூணு வண்டி விழுந்திருக்கு. மூணுமே கூட்டமா வந்ததுங்கதான். முன்னால போனவங்களுக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஒவ்வொரு தடவையும் கடைசி வண்டி மட்டும்தான்."

இவ்வளவுதான் நடந்தது. நாத்தனாரை முழுசாகக் கொண்டுபோய் மாமியார் கையில் ஒப்படைத்தேன்.

இப்போது ஒவ்வொரு பிரிவுக்கும் 'நேரே' என்று அம்பு போடுகிறேன். தாள் சந்தைக்கடை போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அந்த மலைக்கு நாங்கள் மறுபடி போகவில்லை. வேறு ரோடுகள், வேறு ஊர்கள். ஆனால் யார் கடைசி வண்டி ஓட்டினாலும், போய்ச் சேர்ந்த பிறகு தனியாக என்னிடம் வந்து தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்கிறார்கள். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு கூடவே வந்தது என்று. நம்ம ஆள் யாரும் அவ்வளவு பக்கத்தில் வரவில்லையே என்று. விடுதலை கிடைத்தவர் கடைசி வண்டிக்கு முன்னால்தானே போவார்; எங்கே கூட்டிப்போவார் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் கடைசி வண்டிக்கு மட்டும் தனியாக ஒரு தாள் அச்சடிக்கிறேன். மற்றவர்களுடைய தாளில் இல்லாத ஒரு வரி அதன் அடியில் இருக்கும். ஒரே பார்வையில் படிக்கிற மாதிரி, தடித்த எழுத்தில்:

முன்னால் தெரியும் விளக்கைப் பார்க்காதே. தாளைப் பார்.

புதிதாகச் சேருகிறவர்கள் இது என்ன என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கடைசி வண்டியில் ஒருமுறை போய்வந்தவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.